12 விநாடியில் பட்டு நுரை

அழுத்தத்தில் காபி இறக்கும் வீட்டு எஸ்பிரெசோ மெஷின்களில், பாலை நுரைக்கும் ஸ்டீமின் பலம் கூடக் கூட, பால் நுரை பற்றிய கேள்விகளும் குவிகின்றன. இந்த இதழில் அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: பழைய சின்ன மெஷினில் பால் சூடாக 40 விநாடி ஆகும்; நுரை நன்றாகவே வந்தது. இப்போது இரட்டை பாய்லர் (காபிக்கு ஒன்று, ஸ்டீமுக்கு ஒன்று) மெஷின் வாங்கியிருக்கிறேன். அதே பால், அதே ஜக், அதே முறை. ஆனால் பெரிய பெரிய குமிழிகளாக வருகிறது. சுதாரிப்பதற்குள் பால் கொதிநிலைக்குப் பக்கத்தில் போய்விடுகிறது. எங்கே தவறு?

உங்கள் கைப்பழக்கத்தில் குறையில்லை. அது 40 விநாடிக்குப் பழகிய கை. இப்போது உங்களுக்குக் கிடைப்பதோ 12 முதல் 15 விநாடி.

பாலை நுரைப்பதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. முதலில் பாலுக்குள் காற்றை ஏற்ற வேண்டும். பிறகு, ஏறிய காற்றைச் சுழற்றிச் சுழற்றி, கண்ணுக்குத் தெரியாத குமிழிகளாக உடைத்து, பால் முழுக்கப் பரப்ப வேண்டும். பலமில்லாத ஸ்டீமில் முதல் வேலையே 15 விநாடி இழுக்கும். நடுவில் பிசகினாலும் திருத்திக்கொள்ள இடமுண்டு. பலமான ஸ்டீமில் காற்றேற்ற மொத்தமே 2 முதல் 5 விநாடிதான். அதற்குப் பிறகு உள்ளே போகும் குமிழிகள் உடைபட நேரமில்லாமல் மேலேயே நின்றுவிடும். நீங்கள் பார்ப்பது அவற்றைத்தான்.

150 மில்லி பாலுக்கு இப்படிச் செய்து பாருங்கள். 350 மில்லி ஜக் போதும். பால், ஜக்கின் மூக்கு தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். பால், ஜக் இரண்டுமே ஃபிரிட்ஜிலிருந்து நேராக வரட்டும். 4 டிகிரி செல்சியஸில் தொடங்கும் பால், 15 டிகிரியில் தொடங்கும் பாலைவிட 2 விநாடிக்கு மேல் கூடுதலாகத் தரும். இந்த வேகத்தில் அது பெரிய சலுகை. முதலில் ஸ்டீமை வெறுமனே 2 விநாடி வெளியே விட்டு, ஸ்டீம் குழாயில் தேங்கிய தண்ணீரைக் கழித்துவிடுங்கள். பிறகு குழாயின் நுனியில் இருக்கும் டிப்பின் ஓட்டைகள் மட்டும் மேற்பரப்புக்குச் சற்றே கீழே இருக்கும்படி ஜக்கைப் பிடித்து, வால்வை ஒரே மூச்சில் திறங்கள்.

பழைய மெஷினில் இந்த இடத்தில் ஜக்கை மெல்ல இறக்கி, டிப்பை மேற்பரப்புக்குக் கொண்டுவந்திருப்பீர்கள். இப்போது அது தேவைப்படாமலே போகலாம். ஸ்டீமின் வேகமே பால் பரப்பைக் குழித்துக் காற்றை உள்ளே இழுத்துவிடும். 'ச்ஸ்… ச்ஸ்…' என்று மெல்லிய சீறல் கேட்டால் காற்று ஏறுகிறது என்று அர்த்தம். 'களகள'வென்று குமுறினால் டிப் அதிகம் வெளியே இருக்கிறது. நுரை குறைவான லாட்டேவுக்கு இந்தச் சீறல் 2, 3 விநாடி போதும். நுரை அதிகமுள்ள கப்புச்சினோவுக்கு 4, 5. உடனே ஜக்கை அரை சென்டிமீட்டர் உயர்த்துங்கள், அதற்கு மேல் வேண்டாம். சீறல் அடங்கிவிட வேண்டும். இந்தக் கட்டத்தில் ஜக்கைத் தொட்டால் பால் இன்னும் குளிர்ச்சியாகவோ, சூடும் இல்லாமல் குளிர்ச்சியும் இல்லாமலோ இருக்கும். மிச்சமுள்ள 8, 10 விநாடியும் சுழலுக்கே. அந்த நேரத்தில் 'இன்னும் கொஞ்சம் நுரை வேண்டுமே' என்று டிப்பை மறுபடி மேலே கொண்டுவராதீர்கள். குறைவான நுரையோடு வழவழப்பான பால் கிடைப்பது நல்லது. கடைசி நேரக் காற்று மொத்தத்தையும் கெடுத்துவிடும்.

கேள்வி: சுழல், சுழல் என்கிறார்கள். என் ஜக்கில் பால் சுழலவே இல்லை. மேலும் கீழும் குதிக்கிறது, சில சமயம் வெளியே தெறிக்கிறது.

டிப் நட்ட நடுவில் இருக்கிறது. நடுவில் இருந்தால் ஸ்டீம் எல்லாப் பக்கமும் சமமாகத் தள்ளும், பால் எந்தத் திசையிலும் ஓடாது. ஜக்கின் நடுவுக்கும் சுவருக்கும் பாதி வழியில் டிப்பை வையுங்கள். குழாய், ஜக்கின் மூக்கில் சாய்ந்து நிற்கட்டும். கைக்கு ஒரு பிடிமானம் கிடைக்கும். பிறகு ஜக்கைப் பக்கவாட்டில் சுமார் 15, 20 டிகிரி சாய்த்துப் பிடியுங்கள். டிப்பிலிருந்து வரும் ஸ்டீம் சுவரை நேராக மோதாமல் உரசிக்கொண்டு போக வேண்டும். அப்போதுதான் பால் வட்டமாக ஓடும்.

4 ஓட்டை டிப்பில் ஓட்டைகள் வெளிப்பக்கமாக விரிந்திருப்பதால், சாய்வு கொஞ்சம் பிசகினாலும் ஒரு ஓட்டை மேலே வந்து காற்றைத் துப்பும். அதனால் அதற்குக் கொஞ்சம் நிமிர்ந்த கோணமே நல்லது. உங்கள் டிப்புக்கு ஏற்ற இடம் ஒன்று இருக்கும். அது கிடைத்ததும் பால் பரப்பில் ஒரு பக்கமாகச் சுழி விழுவதைப் பார்ப்பீர்கள். மேலே மிதக்கும் பெரிய குமிழிகள் ஒவ்வொன்றாக அந்தச் சுழிக்குள் இழுபட்டு மறையும். மறைகிறதா என்று பாருங்கள். பரப்பு எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதைவிட அதுதான் முக்கியம்.

கேள்வி: 'கீ…ச்' என்று காது கூசும் சத்தம் வருகிறது. மெஷினில் கோளாறா?

இல்லை. காற்று சிறிதும் ஏறாமல் பால் வெறுமனே சூடாகும்போது வரும் சத்தம் அது. டிப் ஆழமாக இருக்கிறது, அல்லது அடியையோ சுவரையோ நெருங்கிவிட்டது. தொடக்கத்தில் 2 விநாடி காற்று ஏறிவிட்டால் சத்தம் தானாகத் தணியும்.

கேள்வி: வால்வைப் பாதி மட்டும் திறந்து ஸ்டீமைக் குறைத்துக்கொள்ளலாமா? டிப்பை மாற்றச் சொல்கிறார்கள், அழுத்தத்தைக் குறைக்கச் சொல்கிறார்கள். எது சரி?

பாதி திறப்பது பழகும் காலத்துக்குக் கைகொடுக்கும். ஆனால் ஸ்டீமின் வேகம்தான் சுழலை உண்டாக்குகிறது. வால்வில் அதை நெரித்தால் நேரம் கிடைக்கும், சுழல் போய்விடும். அதோடு, ஒவ்வொரு முறையும் வால்வைத் திறக்கும் குமிழை ஒரே அளவு திருப்புவது லேசான காரியமில்லை. எங்கள் யோசனை, முதலில் டிப்பை மாற்றுங்கள். 4 ஓட்டைக்குப் பதில் 2 ஓட்டை, அல்லது ஓட்டையின் விட்டம் சுமார் 1 மில்லிமீட்டர் உள்ள டிப். ஸ்டீம் குறைவாக வரும், வந்தாலும் வேகமாக வரும். 150 மில்லி பாலுக்குச் சுழல் குறையாமல் 20 விநாடி வரை நேரம் கிடைக்கும். வாங்கும்முன் மரை அளவையும், உள்மரையா வெளிமரையா என்பதையும் பார்த்துவிடுங்கள். இது மெஷினுக்கு மெஷின் மாறும். பல்குச்சியை ஒடித்து ஓட்டையில் செருகி அடைப்பவர்களும் உண்டு. அது அழுத்தத்தில் பிடுங்கிக்கொண்டு பாலில் விழும். வேண்டாம்.

அடுத்த வழி பாய்லர் அழுத்தம். 1 பார் (அழுத்தத்தின் அளவு) என்று அழுத்த மானி காட்டும்போது உள்ளே ஸ்டீமின் வெப்பம் சுமார் 120 டிகிரி, 1.5 பாரில் 127. 2 பாரில் 133. வெப்பத்தை எண்ணில் அமைக்கும் வசதி உள்ள மெஷினில் 130-லிருந்து 122-க்கு இறக்கிப் பாருங்கள், வேறு மெஷினோ என்று தோன்றும். கை பழகியபின் 2 டிகிரி, 2 டிகிரியாக ஏற்றிக்கொள்ளலாம். ஒரே கப் மட்டும் போடுகிறவர்களுக்கு 1 பாருக்கு மேல் தேவையே இல்லை என்பது எங்கள் கருத்து. அதற்கு மேலுள்ள பலம் அரை லிட்டர் பாலுக்குத்தான் பயன்படும்.

கேள்வி: ஜக்கில் செருகும் தெர்மாமீட்டர் 60 காட்டியதும் நிறுத்துகிறேன். ஆனால் முள் 70 வரை ஏறுகிறது.

முள் பாலுக்குப் பின்னால் ஓடிவருகிறது. 12 விநாடியில் 4-லிருந்து 60 டிகிரிக்குப் போனால், விநாடிக்கு நாலரை டிகிரிக்கு மேல் ஏறுகிறது என்று கணக்கு. முள் 2 விநாடி பின்தங்கினாலே 9 டிகிரி தப்பிவிடும். உங்கள் மெஷினுக்கு 50 காட்டும்போது நிறுத்திப் பார்த்து, எங்கே போய் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பால் 55-லிருந்து 65-க்குள் நிற்பது நல்லது. 70-ஐத் தாண்டினால் மோர்ப்புரதங்கள் கெட்டு, கந்தக வாடை கலந்த காய்ந்த பால் ருசி தூக்கலாகும். இனிப்பும் மங்கலாகத் தெரியும்.

கையால் பார்ப்பவர்கள், 'சூடு தாங்காத பிறகு மூன்று எண்ணி நிறுத்து' என்ற பழைய பாடத்தை விட்டுவிட வேண்டும். பலமான ஸ்டீமில் அந்த மூன்று எண்ணிக்கை 14 டிகிரி. உள்ளங்கை தாங்காத கணமே நிறுத்துங்கள்.

கேள்வி: பழகுவதற்குள் எவ்வளவு பாலைக் கொட்டுவது?

ஒரு சொட்டுக்கூட வேண்டாம். ஜக்கில் குளிர்ந்த தண்ணீர், அதில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு துளி. காற்று ஏறும் சத்தம், சுழி, குமிழி மறைவது எல்லாம் ஏறக்குறைய பாலைப் போலவே தெரியும். துளி கூடினால் நுரை பொங்கி எதையும் கற்றுக்கொள்ள முடியாது. முடித்ததும் குழாயை நன்றாகக் கழுவி, வெறும் தண்ணீரில் ஒருமுறை ஸ்டீம் விட்டு, பிறகே பாலைத் தொடுங்கள். இடமும் கோணமும் இதில் படிந்துவிடும். எப்போது நிறுத்துவது என்பதை மட்டும் பாலில்தான் கற்க முடியும்.

கேள்வி: நேற்று வரை அருமையான நுரை. இன்று அதே நிறுவனத்துப் பாலில், அதே முறையில், நுரை நிற்கவே இல்லை. சடசடவென உடைகிறது.

பாலை மாற்றுங்கள், கையை மாற்றாதீர்கள். குமிழியைச் சுற்றித் தோல் கட்டி நிறுத்துவது பாலின் புரதம். பாலில் உள்ள கொழுப்பு சிதைந்து கொழுப்பு அமிலங்கள் பிரிந்துவிட்டால், அவை புரதத்தைத் தள்ளிவிட்டுக் குமிழியின் மேல் தாங்களே உட்காரும். அவற்றால் குமிழியைத் தாங்க முடியாது. பால் பழசாகும்போதும், கறந்த பால் வழியில் அதிகம் அலைபடும்போதும் இப்படி நடக்கும். பால் திரிந்திருக்காது, குடித்தால் பெரிதாக வித்தியாசமும் தெரியாது. ஸ்டீம் விட்டால்தான் காட்டிக்கொடுக்கும். ஸ்டீமை நிறுத்திய பிறகும் ஜக்கிலிருந்து சடசடப்புக் கேட்டுக்கொண்டே இருந்தால் காரணம் இதுவாகத்தான் இருக்கும். வேறு தேதியிட்ட பாக்கெட்டைப் பிரியுங்கள். அவசரத்துக்கு அதிவெப்பத்தில் பதப்படுத்திய நீடித்த ஆயுள் பால் ஒரு டப்பா வைத்திருப்பது நல்லது. அதில் நுரை பெரும்பாலும் நம்பகமாக வரும், காய்ச்சிய வாசனை மட்டும் கொஞ்சம் இருக்கும்.

கேள்வி: கொழுப்பு நீக்கிய பாலில்தான் நுரை அதிகம் வருகிறது. அப்படியானால் அதுதானே சிறந்தது?

அளவு அதிகம், ருசி குறைவு. நுரை காய்ந்து விறைப்பாக நிற்கும். நாக்கில் வழுக்கும் பால் வேண்டுமானால் 3.5 சதவீதம் கொழுப்புள்ள முழுப் பால்தான். கொழுப்பு நீக்கிய பாலையே பயன்படுத்துவதானால் காற்றேற்றும் நேரத்தைப் பாதியாக்குங்கள். கொழுப்பு எவ்வளவாக இருந்தாலும், பாக்கெட்டில் புரதம் 100 மில்லிக்கு 3.3 கிராமுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: இரண்டு கப்புக்குச் சேர்த்து ஒரே ஜக்கில் நுரைக்கிறேன். முதல் கப்பில் வெறும் பால், இரண்டாவதில் வெறும் நுரை.

நுரை ஏறிய பாலை அசையாமல் வைத்தால், சில விநாடிகளில் பால் கீழே வடியும், நுரை மேலே போகும். ஸ்டீமை நிறுத்தியதும் ஜக்கை மேசையில் ஒருமுறை தட்டுங்கள். பெரிய குமிழி இருந்தால் உடையும். பிறகு ஜக்கை வட்டமாகச் சுழற்றிக்கொண்டே இருங்கள். பரப்பு ஈரம் காயாத பெயிண்ட்போலப் பளபளக்க வேண்டும். மங்கலாகத் தெரிந்தால் பிரியத் தொடங்கிவிட்டது.

இரண்டு கப் என்றால் 600 மில்லி ஜக்கில் 300 மில்லி பால் எடுத்து, நுரைத்ததும் பாதியை இன்னொரு ஜக்கில் ஊற்றிவிடுங்கள். முதலில் சாய்வது நீர்த்த பால்தான் என்பதால், அந்த ஜக்கிலிருந்து கொஞ்சம் திரும்பவும் இதில் ஊற்றி, இதிலிருந்து கொஞ்சம் அதில் ஊற்றிச் சமமாக்குங்கள். இரண்டையும் சுழற்றி உடனே ஊற்றுங்கள். இதற்கெல்லாம் எஸ்பிரெசோ ஏற்கெனவே கப்பில் இறங்கியிருக்க வேண்டும். காபி பாலுக்காகக் காத்திருக்கலாம், பால் காபிக்காகக் காத்திருக்காது.

பலமான ஸ்டீமை ரசித்து அனுபவிக்க நினைப்பவர்களுக்கு இந்த 300 மில்லிதான் சரியான அளவு. நேரமும் இரட்டிப்பாகும், சுழலும் அழகாக விழும்.

கேள்வி: ஸ்டீம் விட்டால் பாலில் தண்ணீர் சேரும் என்கிறார்கள். எவ்வளவு? என் காபி நீர்த்துப்போவதற்கு இதுதான் காரணமா?

சேரும், தவிர்க்க முடியாது. ஸ்டீம் தண்ணீராக மாறும்போது விடும் வெப்பத்தால்தான் பால் சூடாகிறது. 150 கிராம் பாலை 4-லிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக, கணக்குப்படி 13, 14 கிராம் ஸ்டீம் வேண்டும். அதாவது பாலின் எடையில் ஏறக்குறைய 9 சதவீதம். இது எந்த மெஷினிலும் உண்டு, ருசியைக் கெடுக்காது. ஜக்கோடு பாலை எடை பார்த்து, ஸ்டீம் விட்டபின் மறுபடி எடை போடுங்கள். கூடுதல் 20 கிராமைத் தாண்டினால் ஸ்டீமோடு தண்ணீரும் சேர்ந்து வருகிறது.

குழாயில் தேங்கியதைக் கழிக்காமல் தொடங்குவது முதல் காரணம். கழித்தும் துப்பிக்கொண்டே இருந்தால், பாய்லரில் தண்ணீர் அளவுக்கு மேல் ஏறியிருக்கலாம். பல மெஷின்களில் உள்ளே தொங்கும் ஒரு கம்பிதான் நீர்மட்டத்தைக் கண்டறிகிறது. தண்ணீர் தொட்டால் மின்சாரம் பாயும், பம்ப் நிற்கும். கம்பியில் உப்புப் படிந்தால் தண்ணீர் தொட்டாலும் தெரியாது. பம்ப் நிரப்பிக்கொண்டே போகும், மேலே ஸ்டீமுக்கு இடமிருக்காது. உப்பே இல்லாத சுத்திகரித்த தண்ணீரை ஊற்றினாலும் இதே தொல்லை. அதில் மின்சாரம் சரியாகப் பாயாது. கம்பியைக் கழற்றித் துடைப்பது சின்ன வேலைதான். ஆனால் மெஷினை நிறுத்தி, மின்இணைப்பைப் பிடுங்கி, முழுக்க ஆறி, அழுத்தம் பூஜ்யத்துக்கு வந்த பிறகே கைவைக்க வேண்டும்.

கேள்வி: காலையில் மெஷின் போட்டுப் பத்தே நிமிடத்தில் மானி 1 பார் காட்டுகிறது. ஸ்டீமைத் திறந்தால் 3 விநாடியில் செத்துவிடுகிறது.

பொய் அழுத்தம். குளிர்ந்த பாய்லரில் தண்ணீருக்கு மேலே காற்று இருக்கும். சூடேறும்போது அதை வெளியே விட ஒரு சின்ன வெற்றிடத் தடுப்பு வால்வு உண்டு. அது ஒட்டிக்கொண்டால் காற்று உள்ளேயே அடைபட்டு அழுத்தம் காட்டும். மெஷினும் 'சூடாகிவிட்டது' என்று ஹீட்டரை நிறுத்திவிடும். மானி ஏறியதும் ஸ்டீமை 10 விநாடி திறந்து காற்றை வெளியேற்றுங்கள். அழுத்தம் விழும், ஹீட்டர் மறுபடி வேலை செய்யும், இரண்டாவது முறை ஏறுவது நிஜ ஸ்டீம். தினமும் இப்படியென்றால் அந்த வால்வைச் சுத்தம் செய்ய வேண்டும், அல்லது மாற்ற வேண்டும்.

இதிலேயே இன்னொன்றும் தெரிந்துகொள்ளலாம். 12 விநாடியில் 150 மில்லி பாலைச் சூடாக்க இரண்டரைக் கிலோவாட்டுக்கு மேல் வேண்டும். வீட்டு மெஷின்களின் ஹீட்டர் பெரும்பாலும் அதில் பாதியளவுதான். மீதி, பாய்லர் தண்ணீரில் சேர்ந்திருக்கும் வெப்பம். அதனால் அடுத்தடுத்து ஜக் போடும்போது மானி பழைய இடத்துக்குத் திரும்பும்வரை பொறுங்கள்.

கேள்வி: ஓட்ஸ் பால், சோயா பால்?

காபிக்கென்றே தயாரித்த வகையை வாங்குங்கள். அதில் எண்ணெயும், காபியின் புளிப்பில் திரியாமலிருக்க அமிலத்தன்மையைச் சமன்செய்யும் உப்பும் சேர்த்திருப்பார்கள். காற்றை முழுக்க முதல் 2 விநாடியிலேயே ஏற்றி, 55 டிகிரியில் நிறுத்துங்கள். சோயா சூடு கூடினால் திரியும்.

கேள்வி: ஜக்கில் மிச்சமான பாலை மறுபடி நுரைக்கலாமா?

கூடாது. ஏற்கெனவே சூடான பாலில் காற்றேற்ற நேரமே கிடைக்காது, புரதமும் பழையபடி இருக்காது. ஆறப்போட்டுத் திரும்பத் திரும்பச் சூடாக்குவது உடம்புக்கும் நல்லதில்லை. அளந்து ஊற்றுங்கள்.

கேள்வி: ஸ்டீம் திறந்தாலே புளித்த பால் வாடை. குழாயைத் தினமும் துடைக்கிறேன்.

வெளியே துடைத்திருக்கிறீர்கள், பால் உள்ளே இருக்கிறது. வால்வை மூடியதும் குழாயில் மிச்சமிருக்கும் ஸ்டீம் தண்ணீராகிச் சுருங்கும். அந்த வெற்றிடம் டிப் வழியாகப் பாலை மேலே உறிஞ்சும். மூடிய பிறகு ஜக்கை ஒரு விநாடி கூட அங்கேயே வைத்திருக்காதீர்கள். ஜக்கை எடுத்ததும், ஈரத்துணியால் குழாயை மேலிருந்து கீழாகத் துடைத்து, துணியை டிப்பின் மேல் பிடித்தபடி 2 விநாடி ஸ்டீம் விடுங்கள். துணி தடியாக இருக்கட்டும், குழாய் கீழேயுள்ள தட்டைப் பார்த்து இருக்கட்டும்; ஸ்டீம் சூடு கையை உரித்துவிடும்.

ஏற்கெனவே படிந்ததற்கு, குழாய் ஆறியபின் டிப்பைக் கழற்றி, பால் கறை நீக்கும் திரவம் கலந்த வெந்நீரில் அரை மணி ஊறவைத்து, ஓட்டைகளை ஊசியால் குத்துங்கள். ஒரு ஓட்டை அடைத்தாலே சுழல் கோணலாகும். ரப்பர் வளையத்தைத் தொலைக்காமல் திரும்ப மாட்டுங்கள். அப்படியும் வாடை போகவில்லை என்றால் பாய்லர் வரை பால் போயிருக்கிறது. வெந்நீர்க் குழாய் வழியாகப் பாய்லர் தண்ணீரை வடித்து, புதுத் தண்ணீர் நிரப்பி, சூடேற்றி, மறுபடி வடியுங்கள், வாடை நிற்கும்வரை. ஸ்டீமாகப் போவது தண்ணீர் மட்டும், உப்பெல்லாம் உள்ளேயே தங்கும். எனவே வாடை இல்லாதவர்களும் வாரம் ஒருமுறை கால் லிட்டர் வெந்நீரைப் பிடித்து வெளியேற்றுவது பாய்லருக்கு நல்லது.

மூடிய பிறகும் டிப்பில் சொட்டுகிறது என்றால் குமிழை இறுக்கி இறுக்கி மூடாதீர்கள். உள்ளேயிருக்கும் வாஷர்தான் தேய்ந்திருக்கும். இறுக்க இறுக்க இன்னும் தேயும். அதை மாற்றிவிடுங்கள்.